போக்சோ வழக்கில் ஆதரவு நபராக வேலை செய்வது எப்படி இருக்கும்?

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்திருக்கிறேன், போக்சோ வழக்குகளில், அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளில், பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குத் துணையாக நிற்கும் ஆதரவு நபராகச் சேரலாமா என்று யோசிக்கிறேன் என எழுதியிருந்தீர்கள். சட்டம் படிக்காமல் இதைச் செய்ய முடியுமா, உண்மையில் என்னதான் வேலை, மனசு தாங்குமா என்று மூன்று கேள்விகளும் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத்தில் இந்த வேலையைச் செய்துவருபவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

சட்டப் படிப்பு தேவையில்லை. சமூகப்பணி, சமூகவியல், உளவியல், குழந்தை வளர்ச்சி இவற்றில் ஒன்றில் முதுகலைப் பட்டம் இருந்தால் போதும். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு பட்டத்தோடு குழந்தைகள் கல்வி அல்லது பாதுகாப்புத் துறையில் மூன்று ஆண்டு அனுபவம் கேட்பார்கள். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒரு பதிவேடு இருக்கும். அதில் உங்கள் பெயர் ஏற வேண்டும். ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு உங்களை நியமிப்பது குழந்தைகள் நலக் குழு. குழந்தையும் பெற்றோரும் சம்மதித்தால்தான் நியமனம். பிறகு அவர்கள் வேண்டாம் என்று நினைத்தால் உங்களை மாற்றச் சொல்லலாம், அதற்குக் குழந்தை காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளிலேயே இது இருக்கிறது. மாற்றிவிட்டார்களே என்று மனசு சுருங்காமல் இருக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு ஆள் தேவை என்பது 2012-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருந்தது. ஆனாலும் பல இடங்களில் அது காகிதத்தோடு நின்றது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பச்பன் பசாவோ அந்தோலன் என்ற குழந்தை உரிமை அமைப்பு போட்ட வழக்கில் இதைக் கையில் எடுத்தது. உத்தரப் பிரதேசத்தின் லலித்பூரில் ஒரு சிறுமி, தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லக் காவல் நிலையம் போன இடத்தில் அங்கிருந்த அதிகாரியே தன்னிடம் அத்துமீறியதாகக் குற்றம்சாட்டிய வழக்கு அது. ஆதரவு நபர் வேண்டுமா இல்லையா என்பதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது, இப்படி ஒருவரைக் கேட்டுப் பெறும் உரிமை இருப்பதை அவர்களுக்குத் தெரியப்படுத்தியே ஆக வேண்டும் என்று நீதிபதிகள் ரவீந்திர பட்டும் அரவிந்த் குமாரும் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் இந்த வேலைக்கு ஆள் தேடுவது வேகம் பிடித்தது.

சரி, வேலை என்ன? சட்டம் அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே கொடுத்திருப்பதை, சரியான நாளில், சரியான மேசையில் கேட்டு வாங்கிக் கொடுப்பதுதான் பெரும்பகுதி. அதைவிடப் பெரியது, யாரும் எதுவும் சொல்லாமல் மாதக்கணக்கில் நீளும் நாட்களில் அந்தக் குடும்பம் தனியாக இல்லை என்று காட்டுவது. என் அனுபவத்தில் வழக்குகள் கோர்ட்டில் உடைவதைவிட அந்த இடைப்பட்ட மாதங்களில் உடைவதுதான் அதிகம். அதனால் அங்கே விரிவாக வருகிறேன். அதற்கு முன் முதல் நாளே பதிய வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

குழந்தையிடம் "என்ன நடந்தது?" என்று நீங்கள் கேட்கக் கூடாது. அவள் அம்மாவிடம் சொல்லியிருப்பாள், போலீஸிடம் சொல்லியிருப்பாள், டாக்டரிடமும் மாஜிஸ்ட்ரேட்டிடமும் சொல்ல வேண்டியிருக்கும், கடைசியில் சிறப்பு நீதிமன்றத்திலும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் அது ஒரு புதுக் காயம். தவிர, ஒவ்வொரு முறையும் வார்த்தை கொஞ்சம் மாறும், அந்த மாற்றத்தைக் குறுக்கு விசாரணையில் பிடித்துக்கொள்வார்கள். "ஆதரவு நபர் சொல்லிக்கொடுத்துத்தான் பேசுகிறாள்" என்ற ஒரு வரி போதும், உண்மையான சாட்சியம் சந்தேகத்துக்குள் போய்விடும். குழந்தை தானாகப் பேசினால் கேளுங்கள், துருவாதீர்கள். அவள் சொன்ன சொற்களை அப்படியே தேதி போட்டு எழுதிவைத்து, புதிதாக ஏதாவது வந்தால் நலக் குழுவுக்கும் விசாரணை அதிகாரிக்கும் தெரிவியுங்கள். இன்னொரு ஆள் பெயர் வந்தால் அதைச் சொல்லாமல் விட உங்களுக்கு உரிமையே இல்லை. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது, 21-ஆம் பிரிவு மறைப்பதைக் குற்றமாக்குகிறது.

அதனால், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று குழந்தையிடம் சத்தியம் செய்துவிடாதீர்கள். ரகசியம் காக்க வேண்டிய கடமை விதிகளில் தெளிவாக இருக்கிறது. ஊருக்கும் உறவுக்கும் ஊடகத்துக்கும் ஒரு சொல்கூடப் போகக் கூடாது. ஆனால் கட்சிக்காரர் சொன்னதை நீதிமன்றத்தில் வெளியிடாமல் காக்க வழக்கறிஞருக்கு இருக்கும் பாதுகாப்பு நமக்குக் கிடையாது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் இதே வேலை செய்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பைச் சட்டமாகவே கொடுத்திருக்கின்றன. இங்கேயும் வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். வரும்வரை குழந்தைக்குப் புரியும் வார்த்தையில் உண்மையைச் சொல்லுங்கள்: "உன்னைப் பாதுகாக்கத் தேவைப்பட்டா சில பேர்கிட்ட மட்டும் சொல்ல வேண்டியிருக்கும், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிடுவேன்." பிள்ளைகள் இதை நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

முதல் சில நாட்கள் ஓட்டமாக இருக்கும். புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டால் அது எஃப்.ஐ.ஆர். ஆகிவிடாது. குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ பதிவுசெய்ய வேண்டும், கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி செய்ய வேண்டும், சீருடையில் வரக் கூடாது, இரவில் குழந்தையை நிலையத்தில் வைக்கவே கூடாது. இதெல்லாம் போக்சோ சட்டத்தின் 24-ஆம் பிரிவு. அதிகாரியிடம் பிரிவு எண்ணைச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். "மேடம், வீட்டுக்கே வந்துட்டீங்கன்னா பிள்ளை நல்லாப் பேசும்" என்றால் பெரும்பாலும் வருவார்கள். வராவிட்டால் அப்போது எண்ணைச் சொல்லலாம்.

மருத்துவமனையில் நேரம் முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம் என்று எந்த டாக்டரும் சொல்லக் கூடாது, சிகிச்சைக்குப் பணமும் கேட்கக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் பரிசோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இலும் 2022-இலும் சொல்லிவிட்டது. இன்னொன்று, அம்மா குழந்தையைக் குளிப்பாட்டித் துணியையும் துவைத்துப் போட்டிருப்பார். ஒரு தாய் வேறென்ன செய்வார்? சாட்சியத்தை அழித்துவிட்டீர்களே என்று யாராவது அவரைத் திட்டினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அவர் உடைந்துபோனால் குழந்தைக்கு ஆளே இல்லை.

அப்புறம் மாஜிஸ்ட்ரேட் முன் வாக்குமூலம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 183-ஆம் பிரிவு, ஆனால் நிலையத்தில் இன்னும் பழைய எண்ணில் "நூத்தி அறுபத்தி நாலு" என்றுதான் சொல்வார்கள். அது முடிந்ததும் எல்லாரும் கலைந்து போய்விடுவார்கள். உங்கள் வேலை உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது.

குற்றம்சாட்டப்பட்டவர் பெரும்பாலும் தெரிந்த ஆள். பக்கத்து வீட்டுக்காரர், சித்தப்பா, ஆசிரியர், சில நேரம் அப்பா. அப்பா என்றால், புகார் கொடுத்த அன்றே வீட்டின் வருமானம் நின்றுவிடும். வாடகை யார் கொடுப்பது? மாமியார் வீட்டார், "நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா என் பிள்ளை உள்ள போயிருப்பானா?" என்று கேட்பார்கள். அந்தத் தாய்க்கு நாம் தைரியம் சொன்னால் மட்டும் போதாது, அரிசி வேண்டும். 2020 விதிகளில் எட்டாவது விதி என்று ஒன்று உண்டு. உணவு, உடை, போக்குவரத்து போன்ற அவசரத் தேவைக்கு உடனடிப் பணம் கொடுக்க நலக் குழு பரிந்துரைக்கலாம், பரிந்துரை வந்த ஒரு வாரத்துக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். இந்த விதி இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் கோப்பு நகரும். இது நீதிமன்றம் வழங்கும் இழப்பீடு அல்ல, இதை வாங்கினால் அது குறையுமோ என்று பயப்படுவார்கள், விளக்குங்கள். இடைக்கால இழப்பீட்டுக்குத் தனியாக மனு போடலாம். சிறப்பு நீதிமன்றத்தின் உத்தரவு கிடைத்த 30 நாளில் அது வந்தாக வேண்டும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார், 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

பிறகு ஜாமீன். ஒருநாள் குழந்தை கடைக்குப் போவாள், குற்றம்சாட்டப்பட்டவர் எதிரே நிற்பார். ஜாமீனில் வந்திருப்பதை யாருமே வீட்டுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த ஒரு நிமிடத்தில், அதுவரை கட்டிய நம்பிக்கை அத்தனையும் சரிந்துவிடும். இதைத் தடுக்க முடியும். ஜாமீன், விடுதலை பற்றிய தகவலைக் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதிகளே சொல்கின்றன. வழக்கின் எல்லாக் கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு என்று லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகவல் வரும் என்று காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணை வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுவைத்து அடிக்கடி பாருங்கள், அரசு வழக்கறிஞரிடமும் கேளுங்கள். ஜாமீன் மனு வந்தது தெரிந்தால், அவர் அதே தெருவில்தான் வசிக்கிறார், குழந்தை பள்ளிக்குப் போகும் வழி அதுதான் என்பதை எழுதிக் கொடுக்க முடியும். அந்தத் தெருவுக்கு வரக் கூடாது என்று நிபந்தனை போடவைக்க அது உதவும். நிபந்தனையை மீறினால் தேதி, நேரத்தோடு குறித்து விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்.

ஜாமீனோடு சேர்ந்து வருவது சமாதானப் பேச்சு. ஊர்ப் பெரியவர்கள் கூடுவார்கள், அரசியல் கட்சிக்காரர் வருவார், கோயில் பொதுவில் உட்காரவைத்துப் பேசுவார்கள். "பொம்பளப் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் ஆகணும்" என்ற வாக்கியத்தை நீங்கள் எத்தனையோ முறை கேட்பீர்கள். அந்தப் பெற்றோரைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள், நாளையும் அதே ஊரில்தான் அவர்கள் குடியிருக்க வேண்டும். போக்சோ வழக்கு இரு தரப்பும் ராசியாகி முடித்துக்கொள்ளக் கூடியது அல்ல என்பதை மட்டும் நிதானமாகச் சொல்லுங்கள். மாணவியிடம் அத்துமீறியதாக ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீது போட்ட வழக்கை, தகப்பனோடு சமாதானம் ஆகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் அந்த வழக்கைத் திரும்ப உயிர்ப்பித்தது. மிரட்டல் இருந்தால் 2018-ஆம் ஆண்டு சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் மனு கொடுக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை, வாரம் ஒருமுறை வீட்டுக்கு ஒரு ஆள் வந்துபோகிறார் என்று தெரு பார்ப்பதே பாதி மிரட்டலைக் குறைத்துவிடுகிறது. அந்த ஆள் எங்கிருந்து வருகிறார் என்று தெருவுக்குத் தெரியவும் கூடாது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். பள்ளியிலும் அப்படித்தான், வருகைப்பதிவுக்கோ மாற்றுச் சான்றிதழுக்கோ போகும்போது காரணத்தை முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை.

கோர்ட் நாளுக்கு வருவோம். நீதிமன்றம் வழக்கை ஏற்றுக்கொண்ட 30 நாளில் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவுசெய்ய வேண்டும், ஒரு வருடத்தில் விசாரணை முடிய வேண்டும் என்று 35-ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் பெரும்பாலும் தள்ளிப்போகும். பத்து வயதில் நடந்ததைப் பதின்மூன்று வயதில் வந்து சொல்ல வேண்டியிருக்கலாம். சம்மன் வந்ததும், வழக்கு இல்லாத ஒரு நேரத்தில் குழந்தையை நீதிமன்றத்துக்கு அழைத்துப்போய்க் காட்டுங்கள். நீதிபதி எங்கே உட்காருவார், நீ எங்கே உட்காருவாய், கழிப்பறை எங்கே இருக்கிறது என்று. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம், புரியலைன்னா திரும்பக் கேக்கலாம், அழுகை வந்தா நிறுத்தச் சொல்லலாம்" என்று சொல்லிக்கொடுப்பது உங்கள் கடமை. எதைச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது உங்கள் வேலையைக் கெடுக்கும். இந்தக் கோடு மெல்லியது, ஆனால் தெளிவானது.

கோர்ட்டில் நான் மிகவும் பயப்படும் இடம் வராந்தாதான். உள்ளே திரை உண்டு, கேமரா உண்டு, குழந்தை குற்றம்சாட்டப்பட்டவரைப் பார்க்காதபடி செய்ய 36-ஆம் பிரிவு இருக்கிறது, விசாரணையும் மூடிய அறையில்தான். வெளியே ஒரே பெஞ்சில் அவரும் அவர் உறவினரும் உட்கார்ந்திருப்பார்கள். முன்னதாகவே பெஞ்ச் கிளார்க்கிடம் பேசி, காத்திருக்கத் தனி அறை கேளுங்கள், வேறு வாசல் இருக்கிறதா என்று பாருங்கள். சாட்சிகளைக் கூப்பிடும் ஊழியரான டவாலி குழந்தையின் பெயரைச் சத்தமாகக் கூப்பிடாமல் உங்களைக் கூப்பிடும்படி சொல்லிவையுங்கள். இதற்கெல்லாம் மனு வேண்டாம், மரியாதையாகக் கேட்டால் செய்து தருகிறார்கள். பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்கான தனி மையங்களை எல்லா மாவட்டத்திலும் அமைக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் மாவட்டத்தில் அது இருந்தால் அங்கேயே சாட்சியம் எடுக்கும்படி அரசு வழக்கறிஞர் மூலம் கேளுங்கள்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்கக் கூடாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், அவர்தான் கேட்பார். நடத்தையைக் கொச்சைப்படுத்தும் கேள்விக்கு இடமில்லை. 33-ஆம் பிரிவு. ஆனால் நீதிமன்றத்தில் எழுந்து ஆட்சேபிக்க உங்களால் முடியாது. அதனால் முந்தைய நாளே அரசு வழக்கறிஞரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள். இந்தப் பிள்ளை உடல் உறுப்புக்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது, நேரத்தை மணிக்கணக்கில் சொல்லத் தெரியுமா, களைத்துப்போனால் எப்படித் தெரியும் என்பதெல்லாம் அவருக்கு உதவும். கையில் தண்ணீரும் பிஸ்கட்டும் இருக்கட்டும். காலையிலிருந்து சாப்பிடாமல் காத்திருந்து மாலையில் வாய்தா வாங்கித் திரும்பும் நாட்கள் வரும். அன்று வீடுவரை கூடப் போங்கள், வந்துபோன செலவுக்கு சாட்சிப் படி கேளுங்கள்.

இன்னொரு வகை வழக்குகளைச் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. பதினாறு, பதினேழு வயதுப் பெண், காதலித்த பையனோடு போயிருப்பாள், பெற்றோர் புகார் கொடுத்திருப்பார்கள். காகிதத்தில் அவள் பாதிக்கப்பட்டவள், அவளோ உங்களை எதிரியாகப் பார்ப்பாள். வளரிளம் பருவத்தினரின் காதல் உறவுகளைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கையே ரத்து செய்தார். ஆனாலும் பதினெட்டு வயதுக்குக் கீழ் சம்மதம் செல்லாது என்பதுதான் இன்றும் சட்டம். இந்த இடத்தில் நீங்கள் பெற்றோர் பக்கமும் இல்லை, போலீஸ் பக்கமும் இல்லை, அவள் பக்கம். உண்மையிலேயே காதலா, மிரட்டலா, ஆசைகாட்டி அழைத்துப்போனதா என்று தீர்ப்பு சொல்வது உங்கள் வேலை இல்லை. பையன் வேறு சாதி என்றால், அவளை வீட்டுக்கு அனுப்புவது பாதுகாப்பா என்பதை நலக் குழுவிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். கர்ப்பமாக இருந்தால், அதைக் கலைப்பதா வேண்டாமா என்பதில் அவள் என்ன நினைக்கிறாள் என்று தனியாக, அம்மா அப்பா இல்லாத அறையில் ஒருவராவது கேட்க வேண்டும். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு இவர்களுக்கு 24 வாரம்வரை சட்டத்தில் இடம் உண்டு. நாள் போய்க்கொண்டே இருக்கும் என்பதால் நலக் குழு, மருத்துவமனை என்று அலையும் ஒவ்வொரு நாளையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு எப்படியும் வரலாம். விடுதலை என்று வந்தால் அன்று சாயங்காலமே குழந்தையைப் பாருங்கள். "நீ சொன்னது பொய்னு யாரும் சொல்லலை, சட்டத்துக்குத் தேவையான அளவு சாட்சி சேரலைன்னுதான் சொல்லியிருக்காங்க" என்பதை அவளிடம் யாராவது சொல்ல வேண்டும். குற்றம்சாட்டப்பட்டவர் விடுதலையானாலும், பிடிபடாமலே போனாலும்கூட இழப்பீடு கேட்கலாம் என்பதையும், மேல்முறையீடு செய்யப் பாதிக்கப்பட்டவருக்கே உரிமை உண்டு என்பதையும் பெற்றோரிடம் சொல்லுங்கள். அம்மாவோ உறவினரோ முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியாகிவிட்டாலும் குழந்தையோடு உள்ள உறவைத் துண்டிக்காதீர்கள்.

மனசு தாங்குமா என்று கேட்டீர்கள். சில வாரங்கள் தாங்காது. உங்கள் வீட்டில் அதே வயதில் பிள்ளை இருந்தால் இன்னும் கஷ்டம். தனியாகச் சுமக்காதீர்கள் என்பதுதான் என்னால் சொல்ல முடிந்தது. மாதம் ஒருமுறையாவது அனுபவமுள்ள ஒருவரிடம், பெயர் இடம் சொல்லாமல், வழக்குகளைப் பற்றிப் பேச ஏற்பாடு இருக்க வேண்டும். இரவில் குடும்பங்கள் அழைக்க உங்கள் எண்ணோடு குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் கொடுத்துவிடுங்கள், நீங்கள் ஒருவரே எல்லா இரவும் விழித்திருக்க முடியாது.

ஊதியம் பற்றிப் பேச எல்லாரும் தயங்குகிறார்கள். திறன் பெற்ற தொழிலாளிக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் தர வேண்டும் என்று விதி இருக்கிறது, பணம் வந்து சேரத் தாமதமாகலாம். இதை மட்டும் நம்பி வீட்டு வாடகை கொடுக்கும் நிலையில் இருந்தால், குழந்தைகள் பாதுகாப்பில் இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சம்பளத்தோடு சேர்ந்து, அதன் வழியாக ஆதரவு நபராகப் பதிவுசெய்வது நல்லது. விதிகள் அதற்கு இடம் கொடுக்கின்றன. இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்து மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகைப் பாருங்கள். பட்டச் சான்றிதழ்களை எடுத்துப்போங்கள், காவல்துறை நன்னடத்தைச் சான்றும் கேட்கலாம். நேர்காணலில் அவர்கள் உங்களைக் கேட்பது இருக்கட்டும், நீங்களும் கேளுங்கள்: ஒரே நேரத்தில் எத்தனை குழந்தைகளைக் கொடுப்பீர்கள், பயணச் செலவு எப்போது வரும், எனக்குச் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது? இந்த மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு முதல் வழக்கை ஏற்றுக்கொள்ளுங்கள்.